ஒலிம்பிக் தீபத்தைவிட சிவகாசித் தீப்பெட்டிக்கு வயது அதிகம்!



முதலில் ஒரு பொது அறிவுக் கேள்வி. ஒலிம்பிக் போட்டிக்கு முன்னால் கிரீஸ் நாட்டிலிருந்து தீபத்தை ஏந்திக்கொண்டு ஊர் ஊராக ஓடி வருகிறார்களே, அந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

கி.மு. என்று ஆரம்பித்தீர்களா? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளை உடை அணிந்த பெண்கள், இடிந்த கோயில் தூண்கள், சூரிய ஒளியில் பற்றும் நெருப்பு... தொலைக்காட்சியில் பார்க்கும்போது அப்படித்தானே தோன்றுகிறது!

ஆனால் சரியான விடை 1936. ஒலிம்பிக் அரங்கில் முதன்முதலாகத் தீபம் எரிந்ததே 1928-ல்தான். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் இது இன்னும் நன்றாகப் புரியும். பி.அய்ய நாடாரும் அ.சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து, சிவகாசியில் தொழிலைத் தொடங்கியது 1923 வாக்கில். ஆக, ஒலிம்பிக் தீபத்தைவிட சிவகாசித் தீப்பெட்டி மூத்தது!

நான் இருப்பது விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டம், தாயில்பட்டி. தீப்பெட்டியும் பட்டாசும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. நெருப்போடு விளையாடாதே என்று மற்ற ஊர்களில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். இங்கே அதைப் பெரியவர்களுக்கும் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, விளையாட்டு விழாக்களைப் பார்க்கும்போது பதக்கப் பட்டியலைவிட அந்த நெருப்பின் மேல்தான் என் கண் போகும். அதை ஏற்றியது யார், எதற்காக ஏற்றினார்கள், உள்ளே எரிகிற மருந்து என்ன என்று தேடிப் படித்தபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரைதான், பொறுமையாகப் படியுங்கள் :)

பழைய ஒலிம்பியாவில் ஓட்டம் இல்லை

பழைய கிரேக்க ஒலிம்பிக் கி.மு. 776-ல் தொடங்கியது என்பது மரபுவழிக் கணக்கு. ஒலிம்பியாவில் ஹெஸ்டியா என்ற அடுப்புத் தெய்வத்தின் பீடத்தில் அணையா நெருப்பு இருந்தது உண்மை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு யாரும் ஊர் ஊராக ஓடவில்லை. தீப்பந்த ஓட்டம் நடந்தது ஏதென்ஸ் நகரத்தில், ஒலிம்பிக்கோடு சம்பந்தம் இல்லாத வேறு திருவிழாக்களில். அது ஒரு குழுப் போட்டி. பந்தத்தைக் கைமாற்றிக் கைமாற்றி, அணையாமல் முதலில் கொண்டு சேர்க்கும் குழுவுக்கு வெற்றி. தலைதெறிக்க ஓடினால் தீ அணைந்துவிடும், அணையுமோ என்று பயந்து மெதுவாகப் போனால் அடுத்த குழு முந்திவிடும். நல்ல விளையாட்டுதான்!

1896-ல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோது தீபம் கிடையாது. அதற்குப் பிறகு 1924 வரை நடந்த போட்டிகளிலும் கிடையாது.

முதல் தீபத்தை ஏற்றியவர் வீரர் அல்ல

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். அரங்கத்தை வடிவமைத்த யான் வில்ஸ் என்ற கட்டடக் கலைஞர், வாசலில் 'மாரத்தான் கோபுரம்' என்று ஒரு உயரமான கோபுரத்தைக் கட்டி, அதன் உச்சியில் அகலமான கிண்ணம் ஒன்றை வைத்தார். போட்டி நடக்கும் நாட்களில் அதில் நெருப்பு எரிய வேண்டும், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கும் போட்டி நடக்கும் இடம் தெரிய வேண்டும் என்பது யோசனை.

ஜூலை 28 அன்று அதை ஏற்றியது உலகப் புகழ் பெற்ற வீரரா? மன்னரா? இரண்டும் இல்லை. ஆம்ஸ்டர்டாம் மின் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர்! நம்மூர் மின்வாரியத்து அண்ணன் ஒருவர் கம்பத்தில் ஏறி விளக்கைப் போட்டுவிட்டு இறங்கியது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் அந்தக் கிண்ணத்துக்கு வைத்த பட்டப்பெயர் இன்னும் வேடிக்கை. தங்கள் நாட்டு விமான நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து 'கே.எல்.எம்.மின் சாம்பல் கிண்ணம்' என்றார்களாம்.

இதில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஹாக்கியில் இந்தியா முதல் தங்கம் வென்றது இந்த ஒலிம்பிக்கில்தான். இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 3-0 என்று தோற்கடித்தோம். தொடர் முழுவதும் தயான் சந்த் மட்டும் 14 கோல்கள் போட்டார். ஆனால் ஹாக்கிப் போட்டிகள் மே மாதமே நடந்து, மே 26-ல் முடிந்துவிட்டன. தொடக்க விழா நடந்ததோ ஜூலை 28-ல். அதாவது, முதல் ஒலிம்பிக் தீபம் பற்றுவதற்கு இரண்டு மாதம் முன்பே நாம் தங்கத்தோடு கிளம்பிவிட்டோம்!

1936: ஓட்டம் தொடங்கிய இடம்

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி.

தீபத்தை ஒலிம்பியாவில் ஏற்றி, ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கொண்டுவர வேண்டும் என்று திட்டம் போட்டவர் கார்ல் டீம். 1936 பெர்லின் ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் செயலாளர். அப்போது ஜெர்மனியை ஆண்டது ஹிட்லர். கோயபெல்ஸின் பிரச்சார அமைச்சகத்துக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. பழைய கிரேக்கத்தின் பெருமைக்கு நேரடி வாரிசு ஜெர்மனிதான் என்று உலகத்துக்குக் காட்ட இதைவிட நல்ல காட்சி கிடைக்குமா?

1936 ஜூலை 20 அன்று ஒலிம்பியாவில் கண்ணாடி ஆடியால் சூரிய ஒளியைக் குவித்து நெருப்பு மூட்டினார்கள். ஆடியைச் செய்தது ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம். தீப்பந்தங்களைச் செய்தது க்ரூப். பீரங்கி செய்து பெயர் வாங்கிய அதே க்ரூப்தான்! மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஆளுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வீதம், ஏழு நாடுகள் வழியாக ஓடி, ஆகஸ்ட் 1 அன்று தீயை பெர்லினுக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

அந்த வழியைக் கவனித்துப் பாருங்கள். கிரீஸ், பல்கேரியா, யூகோஸ்லாவியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா, ஜெர்மனி. அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா, யூகோஸ்லாவியா, கிரீஸ் நான்கும் ஹிட்லரின் படைகளிடம் விழுந்தன. பல்கேரியாவும் ஹங்கேரியும் அவர் பக்கம் சேர்ந்தன. தெற்கிலிருந்து வடக்கே விளையாட்டுத் தீ போன பாதை வழியாக, வடக்கிலிருந்து தெற்கே போர்த் தீ வந்து சேர்ந்தது.

நம் பள்ளி விளையாட்டு விழாவில் சீனியர் அண்ணன் ஒருவர் கையில் ஜோதியோடு மைதானத்தைச் சுற்றி ஓடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் எழுந்து நின்று கை தட்டுவோம். அந்த ஓட்டத்தின் பூர்வீகம் இதுதான்.

போர் அணைத்த தீயும், போர் வளர்த்த தீயும்

1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் போரால் நடக்கவில்லை. இதே காலத்தில் எங்கள் பக்கம் நடந்தது வேறு கதை. போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் பெற்ற ஆலைகள் சிவகாசியில் எழுந்தன. மழை குறைந்த வறண்ட பூமி விவசாயத்துக்குச் சாபம், ஆனால் மருந்து காய்வதற்கு வரம். தீப்பெட்டிக்காரர்கள் பட்டாசுக்காரர்களாகவும் ஆனார்கள். எங்கள் ஊர்களின் நெருப்பும் கைமாறி வந்ததுதான் பாருங்கள். கல்கத்தாவில் ஒருவர் கையிலிருந்து இருவர் கைக்கு வந்து, இருவரிடமிருந்து பல ஊர்களுக்குப் பரவியது.

1948-ல் லண்டனில் ஒலிம்பிக் திரும்பத் தொடங்கியபோது ஒரு தர்மசங்கடம் இருந்தது. ஹிட்லர் காலத்து ஏற்பாட்டை வைத்துக்கொள்வதா, தூக்கி எறிவதா? வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குச் சொன்ன பொருளை மாற்றிவிட்டார்கள். கிரீஸில் அப்போது உள்நாட்டுப் போர். ஒலிம்பியாவில் தீபத்தை முதலில் வாங்கியவர் டிமிட்ரெலிஸ் என்ற ராணுவ வீரர். அவர் ஆயுதத்தைக் கீழே வைத்து, ராணுவ உடையைக் கழற்றிவிட்டு, உள்ளே அணிந்திருந்த விளையாட்டு உடையோடு ஓடத் தொடங்கினார். அந்த ஓட்டத்துக்குச் சமாதான ஓட்டம் என்றே பெயர் வந்தது.

லண்டன் வெம்பிளி அரங்குக்குள் கொண்டுவந்த கடைசிப் பந்தத்தில் மட்டும் மெக்னீசியம் வைத்திருந்தார்கள். சாதாரணத் தீ நல்ல வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. மெக்னீசியம் எரிந்தால் பகலிலும் கண் கூசும் வெள்ளை வெளிச்சம். கம்பி மத்தாப்பில் அலுமினியப் பவுடர் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

அதே 1948 ஜூலை 29 அன்று இன்னொரு போட்டியும் தொடங்கியது. லண்டனுக்கு வெளியே ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகெலும்பில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி. நடத்தியவர் டாக்டர் லுட்விக் குட்மன். அவர் ஹிட்லருக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர்! அந்தச் சின்னப் போட்டிதான் வளர்ந்து வளர்ந்து 1960-ல் ரோமில் பாராலிம்பிக் ஆனது. 2014 சோச்சி பாராலிம்பிக் தொடங்கி அந்த மருத்துவமனை வளாகத்திலேயே பாராலிம்பிக்குக்கான தீபம் ஏற்றப்படுகிறது. ஒலிம்பிக்குக்கு ஒரு கோயில், பாராலிம்பிக்குக்கு ஒரு மருத்துவமனை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியிலிருந்து போய் 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு, இந்த இரண்டாவது வழியில் வந்தவர்.

டெல்லிக்கு வந்த தீ

1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு வந்திருந்த ஆசிய நாட்டுப் பிரதிநிதிகளை ஓரிடத்தில் கூட்டிப் பேசியவர் இந்தியாவின் குரு தத் சோந்தி. நமக்கென்று ஒரு போட்டி வேண்டும் என்பது அவர் எண்ணம். 1949 பிப்ரவரியில் டெல்லியில் கூட்டமைப்பு உருவானது. முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி 1950-ல் நடப்பதாக இருந்து, ஏற்பாடுகள் முடியாமல் 1951 மார்ச் 4 முதல் 11 வரை டெல்லியில் நடந்தது. 11 நாடுகள், 489 வீரர் வீராங்கனைகள். அரங்கில் தீபம் ஏற்றியவர் தலீப் சிங். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீளம் தாண்டியவர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. போரில் தோற்ற ஜப்பானை 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அழைக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் டெல்லி அழைத்தது. சுதந்திரம் அடைந்து நாலு வருஷம்கூட ஆகாத நாடு, ஊரே ஒதுக்கி வைத்த ஒருவரை விருந்துக்குக் கூப்பிட்டது மாதிரி! போட்டி நடந்த அந்த தேசிய அரங்கம்தான் இன்றைய மேஜர் தயான் சந்த் அரங்கம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டிக்கான தீபமும் அங்கேதான் ஏற்றப்பட்டது. பிறகு இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோய், பிரம்பனன் கோயிலில் அந்த நாட்டின் இயற்கை எரிவாயுத் தீயோடு சேர்த்தார்கள்.

தகர டப்பா தீபம்

இனி கொஞ்சம் சிரிக்கலாம்.

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். தீபம் சிட்னி வழியாகப் போகிறது. நகர மன்றத்தின் முன்னால் பெருங்கூட்டம். மேயர் பாட் ஹில்ஸ் பேச்சைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு இளைஞன் தீபத்தோடு ஓடி வந்து படியேறி மேயர் கையில் கொடுக்கிறான். மேயர் வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். யாரோ காதில் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது போலித் தீபம்! வெள்ளி வண்ணம் பூசிய நாற்காலிக் கால், அதன் மேல் ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் மண்ணெண்ணெயில் நனைத்த உள்ளாடை!

செய்தவர்கள் சிட்னி பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள். கொண்டு வந்து கொடுத்தவர் பாரி லார்கின் என்ற கால்நடை மருத்துவ மாணவர். குறும்புதான், ஆனால் வெறும் குறும்பு இல்லை. நாஜிகள் தொடங்கி வைத்த ஒரு சடங்கை எல்லாரும் இப்படித் தெய்வீகமாகக் கும்பிடுகிறார்களே என்ற கேலியும் அதில் இருந்தது. மேயர் திரும்பிப் பார்ப்பதற்குள் லார்கின் கூட்டத்தில் கலந்து மறைந்துவிட்டார்.

உண்மைத் தீபமும் சும்மா இருக்கவில்லை. மெல்போர்னில் கடைசியாக ஏந்தி வந்த 19 வயது ரான் கிளார்க்கின் பந்தத்தில் வெயிலுக்காக மெக்னீசியக் கலவை வைத்திருந்தார்கள். பொறி தெறித்து அவர் கையில் தீக்காயம். மருந்து கையில் பட்டால் எப்படி எரியும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (இதே ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் மட்டும், ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தடைச் சட்டத்தால், ஐந்து மாதம் முன்பே ஸ்வீடனில் நடந்துவிட்டன. அங்கே தீபத்தைக் குதிரை மேல் உட்கார்ந்தே கொண்டு போனார்கள்!)

1976 மாண்ட்ரியலில் இன்னொரு கூத்து. ஏதென்ஸில் எரிந்த தீயை மின் சமிக்ஞையாக மாற்றி, செயற்கைக்கோள் வழியாகக் கனடாவுக்கு அனுப்பி, அங்கே லேசர் கதிரால் பற்றவைத்தார்கள். அவ்வளவு விஞ்ஞானமாக வந்த தீ, சில நாட்களில் மழையில் அணைந்துபோனது. அங்கிருந்த ஊழியர் ஒருவர் சட்டென்று சிகரெட் லைட்டரால் பற்றவைத்துவிட்டார்! அது செல்லாது என்று அதை அணைத்துவிட்டு, பத்திரமாக வைத்திருந்த மூலத் தீயிலிருந்து மறுபடி ஏற்றினார்கள்.

1988 சியோலில் நடந்ததற்குச் சிரிக்க முடியாது. சமாதானத்துக்காகப் பறக்கவிட்ட புறாக்களில் சில, தீபக் கிண்ணத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டன. அது தெரிந்தும் தீயை ஏற்றினார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கப் புறாக்கள் கருகின. பின்னாளில் உயிருள்ள புறாக்களை விடும் வழக்கமே நின்று, அடையாளப் புறாக்கள் வந்தன.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் தீபத்தைக் கடலுக்கு அடியில் கொண்டுபோனார்கள். தண்ணீருக்குள் எப்படி எரியும்? ஆக்சிஜனை மருந்துக்குள்ளேயே வைத்து அனுப்பினால் எரியும். பட்டாசுக்கு வெடியுப்பு சேர்ப்பதும் இதற்காகத்தான். வெளிக்காற்றை எதிர்பாராமல் மருந்தே ஆக்சிஜன் தருகிறது. பட்டாசு அறையில் பற்றிய தீயை மூடி அணைக்க முடியாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

ஹிரோஷிமாவின் பிள்ளை

தீபத்தை ஏற்றுகிறவர் யார் என்பதே ஒரு செய்தி என்று உலகத்துக்குப் புரிய வைத்தது 1964 டோக்கியோ ஒலிம்பிக். அந்தத் தீபம் ஆசிய நகரங்கள் பலவற்றைத் தொட்டு, டெல்லி வழியாகவும் போனது. அக்டோபர் 10 அன்று அரங்கின் படிகளில் ஏறி அதை ஏற்றியவர் யோஷினோரி சகாய், 19 வயது மாணவர். ஒலிம்பிக்கில் ஒரு தடவைகூடப் போட்டியிடாதவர். அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அவர் பிறந்தது 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா மாநிலத்தில். அணுகுண்டு விழுந்த அதே நாள்.

பெர்லினில் 'நாங்கள் பெரியவர்கள்' என்று சொல்ல ஏற்றிய தீ, 28 வருஷம் கழித்து 'நாங்கள் எரிந்தோம், பிழைத்தோம்' என்று சொல்லப் பயன்பட்டது.

ஆனால் பொருள் எப்போதும் நல்ல பக்கமாகவே மாறும் என்று சொல்ல முடியாது. 2008 பெய்ஜிங் தீபம் உலகம் சுற்றியபோது, திபெத் பிரச்சினையால் லண்டனிலும் பாரிஸிலும் பெரிய போராட்டங்கள் நடந்தன. ஏப்ரல் 17 அன்று டெல்லி ராஜபாதையில் (இன்றைய கர்த்தவ்ய பாதை) பாதையைச் சுருக்கி, ஆயிரக்கணக்கான போலீசாரை நிறுத்தி, பொதுமக்களை உள்ளே விடாமல் ஓட்டத்தை முடித்தார்கள். கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியா தீபம் ஏந்த மறுத்துவிட்டார். மக்களைச் சந்திக்கத்தான் ஓட்டம். மக்களே இல்லாமல் ஓடினால்? 2009-ல் ஒலிம்பிக் குழு, இனி தீபம் கிரீஸிலும் போட்டி நடத்தும் நாட்டிலும் மட்டும் ஓடினால் போதும் என்று முடிவெடுத்தது.

மாமல்லபுரத்தில் நம் கண் முன்னால் பிறந்த மரபு

ஒரு மரபு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க 1936-க்குப் போக வேண்டியதில்லை. 2022-ல் நம் தமிழ்நாட்டிலேயே பார்த்தோம்.

செஸ் ஒலிம்பியாட் 1927-ல் லண்டனில் தொடங்கியது. 95 ஆண்டுகளாக அதற்குத் தீபமும் இல்லை, ஓட்டமும் இல்லை. உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு ஓட்டம் எதற்கு என்று விட்டிருப்பார்கள் போல! 44-வது போட்டி ரஷ்யாவில் நடக்க வேண்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததால் இடம் மாறி, நான்கைந்து மாதத்தில் மாமல்லபுரத்துக்கு வந்தது. சதுரங்கம் பிறந்த நாடு இந்தியா என்பதால், இனி செஸ் ஒலிம்பியாட் ஜோதி ஓட்டம் இந்தியாவிலிருந்தே தொடங்கும் என்று உலக சதுரங்கக் கூட்டமைப்பு அறிவித்தது. ஜூன் 19 அன்று டெல்லியில் ஜோதி விஸ்வநாதன் ஆனந்த் கைக்கு வந்தது. 75 நகரங்களைச் சுற்றிக்கொண்டு மாமல்லபுரம் சேர்ந்தது. சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்ததும், வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை வணக்கம் வைத்ததும் ஞாபகம் இருக்கும்.

இதை மரபு என்று சொல்ல முடியுமா, விளம்பரம்தானே என்று கேட்கலாம். 1936-ஐயும் அன்று அப்படிக் கேட்டிருக்கலாம்! ஆனால் இந்த முறை தீ வந்து சேர்ந்த இடத்தில் நடந்தது வேறு. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றது உக்ரைன். ஊர் குண்டுவீச்சில் இருக்க, நான்கு கட்டம் தள்ளி வரும் ஆபத்தைக் கணக்குப் போட்டு ஆடி ஜெயித்தார்கள். ஜோதி ஓட்டத்தை யாரும் நினைவு வைக்காவிட்டாலும் இதை நினைவு வைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நெருப்பில்லாத தீபம்

கடைசியாக, எங்கள் ஊரைப் பாதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

2008 பெய்ஜிங் தொடக்க விழாவில் வானத்தில் ராட்சதக் காலடிகள் நடந்து வருவது போல 29 வாணவேடிக்கைகள் வெடித்தன. வெடித்தது நிஜம். ஆனால் தொலைக்காட்சியில் நாம் பார்த்த காலடிகளில் பெரும்பகுதி கணினியில் செய்தவை என்று பிறகு தெரிந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ விழாவில் 1,824 டிரோன்கள் சேர்ந்து வானில் பூமி உருண்டையைக் காட்டின. 2024 பாரிஸில் தீபமே மாறிவிட்டது. பலூனில் தொங்கிய அந்தப் பெரிய வளையத்தில் எரிந்தது தீ அல்ல. நீர்த்திவலைப் புகையும், அதன் மேல் விழுந்த மின்விளக்கு வெளிச்சமும்தான்! ஒலிம்பியாவிலிருந்து வந்த நிஜத் தீ, பக்கத்தில் ஒரு சின்ன லாந்தர் விளக்குக்குள் இருந்தது.

முதல் தீபத்தை ஏற்றியவர் மின் நிறுவன ஊழியர். 96 வருஷம் கழித்துத் தீபமே மின்சாரமாகிவிட்டது!

இது சரியா தவறா? ஊர்க்காரன் என்ற முறையில் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு, இந்தப் பக்கம் எத்தனை வீடுகளில் வேலை நாட்கள் குறைந்தன என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பச்சை நிற வெளிச்சம் பேரியத்தில் வருவது. அதைப் பார்த்துக் கை தட்டுகிறவருக்கு அது ஒரு நிறம், இங்கே ஒருவருக்கு அது ஒரு வாரக் கூலி. அதே சமயம், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் ஒரே நாளில் போனதையும் இந்த வட்டாரம் மறக்கவில்லை. நெருப்பில்லாமல் ஒரு விழா அழகாக நடக்க முடியும் என்றால், அதைக் கேட்டு முதலில் நிம்மதி அடைய வேண்டியவர்களும் நாங்கள்தான். முதலில் பயப்பட வேண்டியவர்களும் நாங்கள்தான்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். 'காலங்காலமாக இப்படித்தான்' என்ற வாதம் மட்டும் இதில் செல்லாது. தீப ஓட்டத்துக்கே இன்னும் நூறு வயது ஆகவில்லை. ஒருவர் தொடங்கினார், அடுத்தவர் பொருளை மாற்றினார், மூன்றாமவர் கேலி செய்தார், நான்காமவர் நெருப்பையே எடுத்துவிட்டார். மாற்றுவது மனிதர்கள் கையில்தான் இருக்கிறது என்றால், எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்ல மருந்து செலுத்துகிறவர்களுக்கும் ஒரு இடம் வேண்டாமா?

அப்படி இடம் கொடுத்ததற்கு ஒரு உதாரணமும் இருக்கிறது. 2012 லண்டன் தொடக்க விழா. படகுப் போட்டி வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் தீபத்தோடு அரங்குக்குள் நுழைகிறார். அவருக்கு இருபுறமும் அணிவகுத்து நின்று வரவேற்றது ராணுவமோ திரை நட்சத்திரங்களோ அல்ல. அந்த ஒலிம்பிக் பூங்காவைக் கட்டிய 500 தொழிலாளர்கள், தலையில் பாதுகாப்புத் தொப்பியோடு! தீபம் அவர்களைக் கடந்துதான் உள்ளே போனது.

அடுத்த ஒலிம்பிக் 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில். தீபம் ஏற்றுகிற நேரத்தில் யார் ஏற்றுகிறார் என்பதோடு, என்ன எரிகிறது, அதைச் செய்தது யார் என்றும் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு முன்னால், உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஜோதி ஓட்டம் எந்த வருஷம், யார் சொல்லித் தொடங்கியது என்று பழைய உடற்கல்வி ஆசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.